கோணல் சிரிப்பு மாப்பிள்ளை

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் நடிகர் மேங் இல்கு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து துணி காயப்போடும் பால்கனி வரைக்கும். கையில் செல்போன் இருக்கும். அதைப் பார்ப்பார், சட்டைப் பையில் போடுவார், மறுபடியும் எடுத்துப் பார்ப்பார். அது உயிரோடுதான் இருக்கிறதா என்று வீட்டுத் தொலைபேசியிலிருந்து தனக்குத் தானே அடித்தும் பார்ப்பார். அவர் மனைவி சுனிம் சியோல் நகரின் மாங்வொன் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருந்தாள். காலையில் அவள் கடைக்குக் கிளம்பும்போதே நடை ஆரம்பித்திருக்கும்.

"தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரன் மடியில போய் விழப்போறீங்க, போராப்பா," என்பாள். போரா அவர்களுடைய ஒரே மகள். புசானில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

இருப்புக் கொள்ளாத இந்தக் குணம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. தேபெக் மலையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். மேஸ்திரி எப்படி நடப்பார், சம்பளக் கிளார்க் எப்படிக் கனைப்பார், சாமியார் எப்படி அரிசி கேட்பார் என்று நடித்துக் காட்டுவதில்தான் அவர் பள்ளிக்கூடப் பருவம் போயிற்று. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தபோது ஒன்றுவிட்ட அண்ணனோடு சியோலுக்கு ரயில் ஏறினார். அண்ணன் நேராகப் போய் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இல்கு வழியில் ஒரு சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, நாடகத் தெருவான தேஹாங்னோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த நாடகக் கொட்டகைக்குள் இறங்கினார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த நிலவறையை விட்டு அவர் மேலே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேடையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடிப்போக ஆள் தேவைப்பட்டால் இல்குவைத்தான் கூப்பிடுவார்கள். தூதுவன், திருடன், தீப்பிடித்தது என்று கத்துகிறவன், எல்லாம் அவர்தான்.

சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேஷம் பிணம். ஆற்றங்கரையில் கிடக்க வேண்டும். அதுகூட அவரால் முடியவில்லை. படம் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் எங்கேயாவது ஒரு விரல் அசைந்தது. கடைசியில் பாயைப் போட்டு மூடி எடுத்தார்கள். அதற்கப்புறம் அடியாள் வேஷங்கள் வந்தன, கூட்டத்தில் ஒருவனாக. பிறகு பேசுகிற அடியாள். பிறகு தாமதமாக வந்து சேரும் துப்பறிவாளர், மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் அலுவலர், பெண் பார்க்க வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் மாப்பிள்ளை. பத்திரிகைக்காரர்கள் இப்படிப்பட்டவர்களைக் குணச்சித்திர நடிகர் என்று எழுதுவார்கள். இல்குவைப் பற்றி யாரும் எழுதவில்லை. முகம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பேர் தெரியாது. பொதுக்குளியல் கூடத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஆட்கள் அவரையே உற்றுப் பார்ப்பார்கள். "நீங்க ராணுவத்துல எங்க யூனிட்ல இருந்தீங்கல்ல?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார். இல்லை என்றால் நிறைய விளக்க வேண்டி வரும்.

ஐம்பதை நெருங்கும்போதுதான் அந்த மாலை நேரத் தொடர் வந்தது. வாரத்தில் ஐந்து நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால். பரம்பரையாகச் சோயா சாஸ் காய்ச்சி விற்கும் ஒரு குடும்பத்தின் கதை. அந்த வீட்டு இரண்டாவது மாப்பிள்ளை கு மான்சிக்காக இல்கு நடித்தார். மாமனாருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே வீட்டின் கைப்பக்குவ ரகசியத்தைப் போட்டிக் கம்பெனிக்கு விற்கிறவன் அந்த மான்சிக். சில காட்சிகளுக்கு என்று கூப்பிட்டார்கள். ஜனங்கள் அவனை மனதார வெறுக்க ஆரம்பித்ததும் வேஷம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு மதியம் படப்பிடிப்புக் கூடத்துக்குப் பக்கத்திலிருந்த கடையில் மாட்டுக்கறி சூப் சொன்னார். கடைக்காரம்மா கொண்டுவந்து வைத்த கிண்ணத்தில் கறியே இல்லை.

"மாமனாரை ஏமாத்துறவனுக்கு எலும்புத் தண்ணி போதும்," என்றாள் அந்த அம்மா.

இல்குவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சுனிமிடம் அதை நடித்தே காட்டினார். அந்த மாதங்களில் அவர் தூங்கியதெல்லாம் காரில்தான். இந்தத் தொடருக்கு நடுவே ஒரு சரித்திரத் தொடரில் சிறைக் காவலர், ஒரு படத்தில் மீன்கடைக்காரர் என்று எதையும் விடாமல் ஒப்புக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னால் செல்போன் அத்தோடு ஊமையாகிவிடும் என்று பயம். ஜனவரிக் குளிரில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இடது கன்னத்தில் காற்று அடிக்க அடிக்கத் தூங்குவார்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தார். தண்ணீர் ஒரு ஓரமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தார். முகத்தின் இடது பாதி, கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. புருவத்தைத் தூக்கினார், ஒன்றுதான் எழும்பியது. கண்ணை மூடினார், ஒன்றுதான் மூடியது. சிரித்தும் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. சுனிம் அதற்கு முன்பே கடைக்குப் போயிருந்தாள். அவளைக் கூப்பிடலாம் என்று எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டு, குளிருக்குப் போடும் துணி முகமூடியை மாட்டிக்கொண்டு படப்பிடிப்புக்குக் கிளம்பினார்.

தொடரில் மான்சிக்கின் மனைவியாக நடித்தவர் பியோன் ஹேசுக். வயதிலும் தொழிலிலும் இல்குவுக்கு மூத்தவர், கத்தரிக்கோல் வாய்க்காரி. ஒப்பனை அறையில் இல்கு குடித்த பார்லித் தேநீர் தாடை வழியே சட்டைக்குள் இறங்குவதை முதலில் பார்த்தது அவர்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்போலேருந்துடா?"

"இன்னைக்குக் காலையிலக்கா."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் இங்க என்னடா பண்றே?"

"போனா தெரிஞ்சிடும்க்கா. தெரிஞ்சா அமெரிக்கா அனுப்பிடுவாங்க."

ஹேசுக்குக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தொடர்களில் ஒரு பாத்திரம் வேண்டாம் என்று ஆகிவிட்டால் அதற்கு இரண்டே வழிதான் உண்டு, லாரி மோதிச் சாகும், இல்லையென்றால் அமெரிக்காவுக்குப் போகும். அமெரிக்காவுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. ஹேசுக் அவர் தாடையைப் பிடித்து முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, வலது கன்னத்தை மட்டும் காமிராவுக்குக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றும் மறுநாளும் அப்படியே ஓடியது. கணவனும் மனைவியும் சண்டை போடும் காட்சி என்றால் ஹேசுக் அவர் டையைப் பிடித்து வேண்டிய பக்கம் திருப்பினார். சமாதானக் காட்சி என்றால் இடது கன்னத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டார். எழுத்தாளர் எழுதாத பாசமெல்லாம் அந்த இரண்டு நாளில் மான்சிக்குக்குக் கிடைத்தது. பேச்சில் ப, ம வரும் இடங்களில் உதடு ஒட்டாமல் காற்றுப் போயிற்று. ஜலதோஷம் என்று சமாளித்தார், வீட்டில் சுனிமிடமும் அதையே சொல்லி முகமூடியைக் கழற்றாமல் படுத்தார். காமிராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் ஹாம் ஒரு தடவை, "என்னண்ணே, ரெண்டு நாளா எல்லாரையும் ஜாடையாவே பாக்குறீங்க?" என்று கேட்டார். மான்சிக் இப்போது நேருக்கு நேர் பார்க்கிற ஆள் இல்லையே என்று இல்கு பதில் சொன்னார். ஹாம் அதை ரசித்துத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது சிரிக்கிற காட்சி. சோயா சாஸ் ஜாடிகள் வரிசை வரிசையாக நிற்கும் முற்றத்தில், காரியம் முடிந்த மான்சிக் தன்னந்தனியாக நின்று சிரிக்க வேண்டும். பக்கத்தில் ஹேசுக் இல்லை, டையைத் திருப்ப ஆள் இல்லை. காமிரா நேர் எதிரே. இல்கு சிரித்தார். பாதி முகம் வெற்றியில் துள்ளியது, பாதி முகம் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தது. மைக் பிடித்திருந்தவன் கோலைத் தாழ்த்திவிட்டான். இயக்குநர் ஹாம் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்து, "போதும்ண்ணே. வீட்டுக்குப் போங்க," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் இல்குவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

ஹேசுக் சந்தைக்கே போன் செய்து சுனிமிடம் சொல்லிவிட்டார். சுனிம் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலில் வைத்தே அவர் முகமூடியை உருவினாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊசி வைத்தியரிடம் போனாள். வைத்தியர் நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் மெல்லிய ஊசிகளைக் குத்தினார். முகவாதம் என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார், ஒரு மாதம் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். முகம் பழையபடி திரும்பிவிடும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்.

அந்தப் "பெரும்பாலும்" என்ற வார்த்தை இல்குவைப் படுக்கவிடவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். மூடாத கண்ணுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு நடந்ததால் கதவு நிலைகளில் இடித்துக்கொண்டார். படப்பிடிப்பிலிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்தன. மான்சிக் வெளியூர் போயிருப்பதாக வசனம் மாற்றியிருக்கிறார்கள் என்றார் ஒருவர். பாஸ்போர்ட் பற்றி ஏதோ பேச்சு வருகிறது என்றார் இன்னொருவர். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. சுனிம் கடைக்காகச் செய்து வைத்திருந்த தாமரைத்தண்டு வறுவலில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, எழுத்தாளர் குக் மிரானின் வீட்டைத் தேடிப் போனார்.

குக் மிரானை நடிகர்கள் யாரும் லேசில் பார்த்ததில்லை. படப்பிடிப்புக்கு வரமாட்டார். பக்கங்கள் மட்டும் வரும், பல நாட்களில் காட்சி எடுக்கிற அன்று காலையில்தான் வரும். அவற்றைக் கையில் வாங்கும்போது, இன்று நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வசனம் படிப்பார்கள். இல்கு மணியை அடித்தார். உள்ளேயிருந்து யார் என்று ஒரு குரல் கேட்டது. அவர் தன் பெயரைச் சொல்ல நினைத்தார், வாயில் வந்தது "மான்சிக்".

கதவு திறந்தது. வீட்டு உடையில், தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்ட ஒரு சின்ன உருவப் பெண், குக் மிரான்தான். பட்டப்பகலில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. அறை முழுக்கக் கணவாய்க் கருவாட்டு வாசனை. அந்த அம்மா வறுவல் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, முகமூடியை எடுக்கச் சொன்னார். அவர் எடுத்தார்.

"சிரிங்க."

சிரித்தார்.

"அழுங்க பாப்போம்."

அதற்கு முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. மூடாத கண்ணிலிருந்து முதலில் வந்தது. குக் மிரான் கிட்டே வந்து, சந்தையில் மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார். இது எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டார்.

"ஒரு மாசம்ங்கிறார் வைத்தியர். கூடவும் கூடலாமாம்."

"கூடட்டும்," என்று அந்த அம்மா வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்கங்க. எழுதுற புத்தி அது. நான் அப்படிச் சொல்லல."

"கூடட்டும்மா," என்றார் இல்கு.

அப்புறம் அந்த அம்மா தயங்கித் தயங்கி, உங்கள் வியாதியை மான்சிக்குக்குக் கொடுக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இல்கு சரி சொல்லிவிட்டார். தெருவில் இறங்கியதும் ஓட வேண்டும் போல இருந்தது. கொஞ்ச தூரம் ஓடவும் செய்தார்.

செய்தியைக் கேட்ட சுனிம் கையிலிருந்த முள்ளங்கியைப் பலகையில் வைத்தாள்.

"ஊரு உலகத்துல நோய் வந்தா ஜனங்க படுப்பாங்க. நீங்க கூவி விக்கிறீங்க. இனி நான் செத்தா பாடையைக்கூட செட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போவீங்க போல."

அன்று அவள் அவருக்குச் சோறு போட்டாள், ஆனால் கஷாயத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

தொடரில் அந்தக் காட்சி வந்தது. திருட்டுத்தனம் வெளிப்பட்டு, மாமனார் கைத்தடியை ஓங்கி, "உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்கிறார். மறுநாள் காலையில் மான்சிக்கின் முகம் கோணிக்கொள்கிறது. நாடு முழுக்க ஜனங்கள் கைதட்டினார்கள். சூப் கடைக்காரம்மா அவரைக் கண்டதும், சாமி கண் திறந்துவிட்டது என்று கிண்ணம் நிறையக் கறி போட்டாள். தொலைக்காட்சி நிலையத்தின் இணையப் பக்கத்தில், இன்னும் கோணட்டும், இரண்டு பக்கமும் கோணட்டும் என்று எழுதினார்கள். பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தெருவில் சின்னப் பையன்கள் அவரைப் பார்த்ததும் வாயைக் கோணலாக்கிக் காட்டினார்கள். பேர் தெரியாத முகமாக அவ்வளவு வருஷம் அலைந்தவருக்கு இப்போது ஒரு பேரும் கிடைத்தது. கோணல் சிரிப்பு மாப்பிள்ளை. அவர் பதிலுக்குச் சிரித்துக் காட்டினார். அவர்கள் கூச்சலிட்டார்கள்.

ஊசி வைத்தியரிடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுக்க வைத்துத்தான் ஊசி போடுவார்கள். நடுவில் ஒரு திரை உண்டு. அன்று அதை யாரோ சரியாக இழுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தார். அவருக்கும் முகமெல்லாம் ஊசி, அதே இடது பக்கம். ஊசியோடு தலையைத் திருப்பக்கூடாது. இருவரும் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்கள்.

"நீங்கதானே அந்த மாப்பிள்ளை?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஆமாம் என்றார் இல்கு, பாராட்டு வரும் என்ற நினைப்பில்.

"என் பேரு யோம் சொன்ஹி. தொடக்கப் பள்ளிக்கூடத்துல டீச்சர். பசங்க இப்ப என்னை மான்சிக் டீச்சர்னு கூப்பிடுறாங்க."

இல்கு கட்டிலில் காலை மடக்கி நீட்டினார்.

"பசங்களை விடுங்க. ஒரு பையனோட அம்மா வந்து, டீச்சர், நீங்க யாருக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. தமாஷுக்குத்தான். நானும் சிரிக்கணும்னு பாத்தேன், எனக்குத்தான் சிரிப்பு வர்ற நிலைமையில முகம் இல்லையே."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நர்ஸ் வந்து முதலில் டீச்சருக்கும் பிறகு இல்குவுக்கும் ஊசிகளை எடுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று இல்கு எழுந்து உட்கார்ந்தபோது டீச்சர் முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார்.

அடுத்த சில வாரங்களில் இல்குவின் முகம் திரும்பத் தொடங்கியது. முதலில் கண் மூடியது. பிறகு வாயோரம் துடித்தது. பனிக்காலம் முடிந்து தெருவோரம் மஞ்சள் பூ பூக்கிற நேரத்தில் தண்ணீர் ஒழுகாமல் வாய் கொப்பளித்தார். சுனிம் அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கூடப் போட்டாள். ஆனால் மான்சிக்கின் முகம் திரும்பவில்லை. கதைக்கு அவன் கோணலாகவே வேண்டியிருந்தது. ஜனங்களுக்குத் திருப்தியாகும் வரை அவன் வழியும் எச்சிலைத் துடைத்துக்கொண்டே அலைய வேண்டும்.

ஆகவே இல்கு நடித்தார். நல்ல முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைப் பாதி திறந்து, ப, ம வரும் இடத்தில் காற்றை விட்டு. அருமையாகச் செய்தார். அசல் நோய் இருந்தபோது செய்ததைவிட நன்றாகவே செய்தார் என்று இயக்குநர் ஹாமே சொன்னார். காட்சி முடிந்ததும் இல்கு கழிவறைக்குப் போய்க் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். திரும்பவும் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். படிக்கட்டில், கார் கண்ணாடி முன்னால், எங்கே நின்றாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசிய அந்தக் குரல் இன்னொரு பக்கம். மான்சிக் கீழே விழுந்து, எழ முடியாமல், கோணல் வாயால் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சிக்கான பக்கங்கள் வந்த அன்று, அவற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் குக் மிரானின் வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வசனத்தை மாற்றச் சொல்லி அவர் யாரிடமும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. நின்றபடியே டீச்சர் கதையைச் சொல்லி முடித்தார்.

"மேங் சார், நான் என்ன செய்யட்டும்?" என்றார் அந்த அம்மா. "ஜனங்க தண்டனைதான் கேக்குறாங்க. தப்பு பண்ணினவன் அனுபவிச்சான்னு பாத்துட்டுத்தான் சாப்பிட உக்காருறாங்க."

"அது சரிம்மா. ஆனா வியாதி எனக்கில்ல வந்துச்சு? நான் எந்த மாமனாரையும் ஏமாத்தலியே."

குக் மிரான் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். இல்கு வெளியே வந்தார். அமெரிக்காதான் என்று முடிவு கட்டிக்கொண்டார். வழியில் ஒரு பெட்டி வாங்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் புதுப் பக்கங்கள் வந்தன. மான்சிக் ஒரு காலையில் எழுந்து பல் விளக்குகிறான். வாய் நேராகிவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறான். அழுவான், திருந்துவான், மாமனார் காலில் விழுவான் என்று பார்த்தால், தலையைச் சீவிக்கொண்டு நேராகப் போட்டிக் கம்பெனிக்காரனைப் பார்க்கப் போகிறான், பழைய பேரத்தைப் புதுப்பிக்க. படித்துவிட்டு ஹேசுக் ஒப்பனை நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் போட்ட ஒப்பனையை மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

"இவன் கேட்ட வரத்தைப் பாருங்கடி. வியாதி குணமாச்சு, குணம் வியாதியாவே இருக்கு."

அது ஒளிபரப்பான மாலையில் நிலையத்துத் தொலைபேசிகள் ஓயவில்லை. திருந்தாதவனுக்கு எப்படிக் குணமாகலாம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். எழுத்தாளரை மாற்று என்றார்கள். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், பிறகு அவன் என்னதான் செய்கிறான் என்று பார்க்கப் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். சூப் கடையில் கிண்ணம் மறுபடியும் வெறும் எலும்புத் தண்ணீரானது. கடைசியாக ஒரு தடவை ஊசி வைத்தியரிடம் போனபோது வாசலில் யோம் டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. இல்கு குனிந்து வணங்கினார். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாவி, திருந்தாமலே எந்திரிச்சிட்டான்," என்றார். இந்த முறை சிரிப்பு வந்தது, ஒரு பக்கமாக. அதை மறைக்க அவர் கையைத் தூக்கவில்லை.

கோடைகாலத்தில் தொடர் முடிந்தது. மான்சிக்கைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் இல்குவுக்கு வேலையே வரவில்லை. அவர் முகம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது என்று பாதி ஊர் நம்பியது. கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரும், இப்போது எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். இல்கு தினமும் சவரம் செய்து, கோட்டு மாட்டி, யோயிதோவில் இருக்கும் தொலைக்காட்சி நிலையங்களின் தாழ்வாரங்களில் நடந்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் பார்த்து நேராக, இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தார். காவலாளி ஒருவர் பயந்துபோய், யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்.

இலையுதிர் காலத்தில் ஒரு சினிமா இயக்குநர் அவரை அந்தத் தாழ்வாரத்தில் பார்த்தார். நண்டு ஏலம் விடுகிற ஆள் ஒருவர் வேண்டும், சத்தமாகக் கத்த வேண்டும் என்றார். இல்கு அங்கேயே கத்திக் காட்டினார். கிழக்குக் கடற்கரையில், உல்ஜின் துறைமுகத்தில், விடியலில் பெட்டி பெட்டியாக நண்டு இறங்கும் இடத்தில் அசல் ஏலக்காரர்களுக்கு நடுவே நின்று தொண்டை கட்டும்வரை கூவினார்.

படம் வெளியான வாரத்தில் சுனிம் கடைக்கு லீவு விட்டுவிட்டு அவரோடு சின்சோனில் காலைக் காட்சிக்குப் போனாள். கூட்டம் அதிகம் இல்லை. தன் காட்சி நெருங்க நெருங்க இல்குவுக்கு வேர்த்தது. துறைமுகம் திரையில் தெரிந்ததுமே எழுந்து வெளியே போய்விட்டார். சுனிம் படம் முடிந்து வரும்போது அவர் பாப்கார்ன் கடைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"எப்படி வந்திருக்கு, போராம்மா?"

"நல்லா கூவுறீங்க. நண்டைத் தூக்கிக் காட்டுறீங்க. அப்புறம் ஒருத்தன் வந்து நடுவுல நிக்கிறான், நீங்க மறைஞ்சு போயிடுறீங்க."

"யாரு அந்தப் பய?"

"கதாநாயகன்."

"சத்தம்? என் சத்தம் கேக்குதா?"

"அவன் நின்னு காதல் பேசி முடிக்கிற வரைக்கும் பின்னால உங்க சத்தம்தான்," என்றாள் சுனிம்.

கீழே தரைத்தளத்தில் ஒரு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். சுனிம் கிம்ச்சியை ஒரு துண்டு கடித்துப் பார்த்து, உப்புப் போதாது என்று தட்டை நகர்த்தினாள். இல்கு தன் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். மதியம் இஞ்சோனில் படப்பிடிப்பு. தபால்காரர் வேஷம், இரண்டே வரி வசனம்.

"சூப்பைக் குடிச்சிட்டுப் போங்க," என்றாள் அவள்.

அவர் நின்றபடியே குடித்தார்.